பசுவின் கழுத்துத் துணி

ஹுஸைன் நானாவின் டீவி கறுப்பு வெள்ளைதான். ஆனால் அதில் நிறம் தெரியும். கண்டி டவுனில் விற்ற பிளாஸ்டிக் தாள் ஒன்றை அவர் திரைக்கு முன்னால் மாட்டியிருந்தார். மேலே நீலம், நடுவே சிவப்பு, கீழே பச்சை. செய்தி வாசிப்பவரின் தலைமயிர் நீலமாகவும் முகம் சிவப்பாகவும் கோட் பச்சையாகவும் இருக்கும். எங்களுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

எண்பத்து மூன்றாம் ஆண்டின் தொடக்கம். மஹய்யாவையில் எங்கள் வரிசையில் அவர் வீட்டில் மட்டும்தான் டீவி. சனிக்கிழமை மாலையானால் நானும் பாலாம்பிகையும் போய் அவருடைய சிமெந்துத் தரையில் உட்கார்ந்துவிடுவோம். இருவருக்கும் ஒன்பது வயது, ஒரே வகுப்பு. அவள் கத்திச் சிரிப்பாள். அவள் சிரித்த பிறகு நான் சிரிப்பேன்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை அந்தப் பண்ணைக் கார்ட்டூன் வரும். குண்டு விவசாயி ஒருவர் வாளியோடு பால் கறக்க வருவார். பசு அவரை வாலால் சுற்றித் தூக்கித் துணி காயும் கொடியில் மாட்டிவிடும். கோழிகள் வரிசையாக நின்று வேடிக்கை பார்க்கும். கடைசியில் அவர் பசுவின் கழுத்தில் ஓர் அழகான துணியைக் கட்டிச் சமாதானம் செய்வார். பசு தலையை நிமிர்த்தி ஒரு சுற்று நடந்து காட்டிவிட்டுக் குனிந்து புல் மேயும். அதோடு படம் முடியும்.

"எனக்கும் அந்த மாதிரி சேப்புத் துணி வேணும்" என்றாள் பாலா, வீட்டுக்கு வரும் வழியில்.

"பச்சைதானே?"

"பச்சையா? ஒனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

பசு நிமிர்ந்து நின்றால் அதன் கழுத்து தாளின் சிவப்பில் இருக்கும், குனிந்தால் பச்சையில். அது எங்களுக்குத் தோன்றவில்லை. குழாயடி வரை சண்டை போட்டோம். அங்கே அவள் சுண்டுவிரலை நீட்டிக் காய் விட்டாள்.

"தப்பாச் சொன்னவதான் மொதல்ல பழம் விடணும்" என்றாள்.

நானும் காய் விட்டேன்.

நாங்கள் எத்தனையோ தடவை காய் விட்டவர்கள். மறுநாளே இரண்டு விரலை நீட்டிப் பழம் விட்டுக்கொள்வோம். இந்த முறை இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டாம் வாரம் அம்மா வந்து சொன்னார்: பாலா வீட்டுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது, ஒரேயடியாக இந்தியா போக ஒரு புதன்கிழமையும் குறித்தாகிவிட்டது. கண்டியில் ரயில் ஏறி, தலைமன்னாரில் கப்பல். அந்தப் புதன்கிழமைக்குப் பதினோரு நாள் இருந்தது. அதற்கு முன்னால் ஒரே ஒருமுறைதான் கார்ட்டூன் வரும்.

நாங்கள் அறையின் இரண்டு மூலைகளில் உட்கார்ந்திருப்பதை ஹுஸைன் நானா கவனித்தார்.

"என்ன, ரெண்டு பேரும் ரெண்டு ஊர்ல ஈக்கிறீங்க?"

பாலா எல்லாவற்றையும் சொன்னாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதுக்கா? அலவத்துகொடயில எங்கட தங்கச்சி ஊட்டுல கலர் டீவி ஈக்கு. மச்சான் சவுதியில இருந்து கொண்டு வந்தது. வாற சனிக்கிழம போய்ப் பாத்துடுவோம்."

பஸ்ஸில் அவர் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தார். அவருடைய தங்கை றம்லத் எங்களுக்கு வட்டிலப்பம் தந்தார். டீவியில் ஒரு பெண் மஞ்சள் சேலை கட்டி வந்தாள். முகம் முகத்தின் நிறத்திலேயே இருந்தது. பாலா வாயைத் திறந்தபடி பார்த்தாள். நான் மனதுக்குள் பச்சை, பச்சை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கார்ட்டூன் தொடங்கியது. பசு சாம்பல். கோழிகள் வெள்ளை. வானமும் சாம்பல். விவசாயி துணியை எடுத்துக் கட்டினார். அதுவும் சாம்பல்.

"தாத்தா, டீவி கெட்டுப் போச்சா?" என்று பாலா றம்லத்திடம் கேட்டாள். ஹுஸைன் நானா வீட்டில் அண்ணனை நானா என்றும் அக்காவைத் தாத்தா என்றும்தான் கூப்பிடுவார்கள்.

"இல்ல மகள். இது அந்தக் காலத்துப் படம். எடுத்ததே கறுப்பு வெள்ளையிலதான்."

ஹுஸைன் நானா சிரித்துச் சிரித்து இருமினார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பி வரும்போதும் அவர்தான் நடுவில் உட்கார்ந்தார். சிவப்பு இல்லை, அதனால் நான் தோற்கவில்லை என்று நான் நினைத்தேன். பச்சை இல்லை என்று அவள் நினைத்திருப்பாள். யாரும் பழம் விடவில்லை.

ஞாயிறு, திங்கள், செவ்வாய் முழுவதும் அதையே யோசித்தேன்.

புதன்கிழமை காலை ஸ்டேஷனில் ஒரே கூட்டம். பெரியவர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். பாலா ஜன்னலோரம் புதுச் சட்டையோடு உட்கார்ந்து என்னைப் பார்க்காமல் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அம்மாவின் கையை விட்டுவிட்டு ஜன்னலுக்குக் கீழே போய் நின்றேன்.

"ரெண்டு பேருமே தப்பு" என்றேன்.

"அதுக்கு?"

"தப்பாச் சொன்னவதானே மொதல்ல விடணும். அப்ப ரெண்டு பேரும் ஒண்ணா விடணும்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். கார்ட் விசில் ஊதினார்.

"சரி. மூணு எண்ணு."

எண்ணினேன். மூன்று என்றதும் இரண்டு விரலை உயர்த்தினேன். அவள் கை மடியிலேயே இருந்தது. என் விரல்களை நன்றாகப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் தன் கையை வெளியே நீட்டினாள்.

"நீதான் மொதல்ல விட்ட. அப்ப சேப்புதான்."

ரயில் நகர்ந்தது. அவள் கத்திச் சிரித்தாள். அதற்குப் பிறகு நானும் சிரித்தேன். வளைவு வரும்வரை அந்த இரண்டு விரலும் ஜன்னலுக்கு வெளியேதான் இருந்தன.