புகைபோக்கிக்குக் கீழே ஒரு ஜன்னல்

எங்கள் ஊர் ஹார்க்கவெர்டில் வீடு கட்ட நினைப்பவர் சதுப்பு மண்ணையும், மழையையும், வங்கியையும், நகர அழகுக் குழுவையும் சமாளித்தாக வேண்டும். முதல் மூன்றிடமும் கொஞ்சம் இரக்கத்தை எதிர்பார்க்கலாம்.

நான் இப்படிச் சொல்வது நன்றாக இருக்காது. வீட்டு வரைபடங்களுக்கு அனுமதி தரும் அந்தக் குழுவில் நானும் ஓர் உறுப்பினன். ஐந்து பேரில் நால்வர் கட்டடக் கலைஞர்கள். ஐந்தாவது இடம் ‘சாதாரணக் குடிமகன்’ ஒருவனுக்கு என்று விதி. சாதாரணமாக இருப்பதில் என்னை மிஞ்ச ஊரில் ஆள் கிடைக்கவில்லை. மாதம் இரண்டு முறை போய்த் தலையாட்ட வேண்டும். காப்பியோடு வரும் ஒற்றை பிஸ்கட்டை, டப்பாவை மூடுவதற்குள் எடுத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் பொறுப்பு.

குழுவே கூடாது என்று சொல்பவனும் இல்லை நான். பக்கத்து ஊரில் அப்படித்தான் ஒரு வேகத்தில் கலைத்தார்கள். ஆறே மாதத்தில் ஒரு பல் மருத்துவர் கால்வாய்க் கரையில் எட்டு கிரேக்கத் தூண்களை நிறுத்தி, வாசலில் இரண்டு சிமெண்ட் சிங்கங்களை உட்கார வைத்தார். சிங்கங்களின் பல் வரிசை மட்டும் பிரமாதம். தெருவில் நடக்கிறவன் கண்ணுக்கும் யாராவது காவல் இருக்கத்தான் வேண்டும். ஆனால் காவல்காரன் வீட்டுக்காரனைப் பார்த்துக் குரைக்க ஆரம்பித்தால் என்ன செய்வது என்று எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை.

ஹில்க்யெ விஷயத்தில் அதுதான் நடந்தது.

ஹில்க்யெ நாற்பத்தோரு வருடம் மணல் படகு ஓட்டியவள். இடுப்பும் முழங்காலும் போய்விட்டன. இனிமேல் தண்ணீரில் இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சக்கர நாற்காலியோடு கரையேறினாள். புருஷன் ஊபெலெயும் அவளும் துறைமுகத் தெருவில் ஒரு மனை வாங்கினார்கள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: முன்னறையில் அகலமாக, தாழ்வாக ஒரு ஜன்னல். நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூக்குப் பாலம் தெரிய வேண்டும். ஒவ்வொரு வியாழக்கிழமையும் நண்பகலில் அவள் மகள் பௌக்யெ அதே படகை அந்தப் பாலத்தின் வழியாகக் கொண்டுபோகிறாள்.

“மக மேல அவ்வளவு பாசமா?” என்று கேட்டேன்.

“பாசமாவது மண்ணாவது. என் படக அவ என்ன பாடு படுத்துறான்னு பாக்க வேணாமா?” என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

குழு அந்த ஜன்னலை இரண்டு முறை நிராகரித்தது. எங்கள் தலைவர் காஸ்பர் டென் ப்ரூமல் கோடையிலும் கழுத்து மூடிய கறுப்புச் சட்டை போடுபவர். ஆரஞ்சு நிறக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார் என்றால் தீர்ப்பு வரப்போகிறது என்று அர்த்தம். “இந்தத் தெருவோட ஜன்னலெல்லாம் நெட்டையா, ஒடுக்கமா, அடக்கமா நிக்குது. நீங்க கேக்கறது படுத்துக்கிட்டுக் கத்துது” என்றார். மற்ற மூவரும் அந்தக் கத்தலைக் கேட்டதுபோல் கண்ணை மூடிக்கொண்டார்கள். நான் தலையாட்டினேன்.

மூன்றாவது கூட்டத்துக்கு முதல்நாள் வீப்ரன் என் வீட்டுக்கு வந்தான். ஹில்க்யெ வீட்டைக் கட்டப்போகும் காண்ட்ராக்டர் அவன். என் மனைவியின் தம்பியும்கூட. எங்கள் ஊரில் சொந்தக்காரர்கள் எல்லாம் கூட்டத்தை விட்டு வெளியேற வேண்டும் என்றால் காப்பிக் கெட்டில் மட்டும்தான் மிஞ்சும்.

வரைபடத்தை மேசையில் விரித்தான். கூரையின்மேல் ஒரு கப்பல் புகைபோக்கி. நாலு மீட்டர் உயரம், ரத்தச் சிவப்பு, நடுவில் இரண்டு வெள்ளைப் பட்டை.

“என்னடா இது கண்றாவி?”

“கண்றாவிதான் மச்சான். உங்க ஆளுங்களுக்கு எதையாச்சும் வெட்டலன்னா சோறு இறங்காது. அதான் வெட்டறதுக்குன்னே ஒண்ணு வச்சிருக்கேன். இத வெட்டுன சந்தோஷத்துல ஜன்னல விட்டுருவாங்க பாருங்க.”

“விடலன்னா?”

“இதப் பாத்தப்புறம் ஜன்னல் யாரு கண்ணுக்குத் தெரியும்?”

அதில் மட்டும் அவன் கணக்கு சரி.

மறுநாள் கூட்டத்தில் படம் திரையில் விழுந்தது. பின்வரிசையில் ஹில்க்யெயும் ஊபெலெயும் தேவாலயத்தில் உட்கார்வதுபோல் உட்கார்ந்திருந்தார்கள். வீப்ரன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். டென் ப்ரூமலின் கண்ணாடி நெற்றிக்கு ஏறியது.

“இதுதான்!” என்றார். “இதத்தான் பதினாலு வருஷமா நான் எதிர்பார்த்துக்கிட்டிருக்கேன். இது வீடே இல்ல. நிலத்துல நங்கூரம் போட்ட ஒரு நினைவு.”

வீப்ரனின் கண் பாதிச் சிமிட்டலில் நின்றுவிட்டது.

“ஐயா, அது கொஞ்சம் அதிகமாத்தான் போச்சு. வேணும்னா எடுத்துடறோம்…”

“பயப்படாதீங்க வீப்ரன். துணிச்சலா இருங்க. இன்னும் ஒண்ணரை மீட்டர் உசத்துங்க.”

ஊபெலெ கையைத் தூக்கினான். “எங்க வீட்ல எல்லாம் கரண்டு அடுப்புங்க. புகையே வராது.”

“அதுதான் அதோட கவிதை” என்றார் தலைவர். “ஆனா இந்த ஜன்னல் புகைபோக்கியோட போட்டி போடுது. அத எடுத்துட்டு, ரெண்டு ஒடுக்கமான ஜன்னல் வைங்க. வேற யாராவது ஏதாவது சொல்லணுமா?”

நான் வாயைத் திறந்தேன். “அந்தம்மாவுக்குப் பாலம்…” என்று ஆரம்பித்தேன். “அருமையான கருத்து” என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த மனுவின் கோப்பை எடுத்தார். நான்கு வருடத்தில் நான் பேசிய மிக நீளமான உரை அது.

அப்போது பின்வரிசையிலிருந்து சக்கர நாற்காலி நகர்ந்து வந்தது.

“தம்பி” என்றாள் ஹில்க்யெ.

டென் ப்ரூமலை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. பேராசிரியர் என்பார்கள், தலைவர் என்பார்கள். அவர் பக்கத்தில் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

“உங்களத்தான் தம்பி. இது வீடு இல்லன்னீங்க. அப்ப என்ன, கப்பலா?”

“ஒரு விதத்துல, ஆமாம்மா. கப்பல்தான்.”

“எழுதிக்கிட்டியாம்மா?” என்று கூட்டக் குறிப்பு எழுதும் செயலரிடம் கேட்டாள். அந்தப் பெண் எழுதிவிட்டதாகத் தலையசைத்தாள்.

“சரி. கப்பல்னா யாராச்சும் ஓட்டணும்ல? மேல புகைபோக்கி இருக்கு. கீழ சுக்கான் அறை எங்க? ரெண்டு சந்து வழியா எட்டி எட்டிப் பாத்து ஓட்டியிருந்தா மொதப் பாலத்துலயே நான் மோதியிருப்பேன். சுக்கான் அறைன்னா இந்தக் கோடிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் கண்ணாடி இருக்கும் தம்பி.”

“ஹில்க்யெ, போதும்…” என்றான் ஊபெலெ.

“நீ சும்மா இரு. தம்பி, இந்த ஊர்ல பாதிப் பேரு படகுல பொறந்தவன். மேல புகைபோக்கி, கீழ கோழிக்கூடுன்னு கட்டினா சிரிப்பான். என்னப் பாத்து இல்ல. நான் கெழவி, எனக்கென்ன. யாரு சொல்லிக் கட்டினதுன்னு கேட்டுட்டுச் சிரிப்பான்.”

அறையில் யாரோ ஒருவர் இப்போதே சிரித்துவிட்டார். நான்தான். இருமலாக மாற்றிக்கொண்டேன்.

டென் ப்ரூமல் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டுக்கொண்டார். திரையருகே போய் ஜன்னலை உற்றுப் பார்த்தார். பிறகு திரும்பி வீப்ரனைக் கடிந்துகொண்டார். “இந்த ஜன்னல் போதாதே! சுக்கான் அறைன்னு எடுத்துக்கிட்டா இன்னும் ஒரு மீட்டராவது அகலம் வேணாமா? இதெல்லாம் நானே சொல்லிக்கிட்டிருக்கணுமா?”

அவரே சொன்னதாகத்தான் கூட்டக் குறிப்பில் பதிவாகியிருக்கிறது. புகைபோக்கியை எடுத்துவிடலாமே என்று வீப்ரன் இன்னொரு முறை கெஞ்சிப் பார்த்தான். புகைபோக்கி இருந்தே ஆக வேண்டும் என்பது நிபந்தனையாகவே சேர்க்கப்பட்டது.

வீடு எழும்பியது. ஐந்தரை மீட்டர் சிவப்புப் புகைபோக்கியை அடுத்த ஊரிலிருந்தே பார்க்கலாம். பல் மருத்துவர் பொறாமைப்படுவதாகக் கேள்வி. ஹில்க்யெ அதை ஒருமுறைகூட அண்ணாந்து பார்க்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வியாழக்கிழமைக்குக் காத்திருந்தாள்.

வியாழக்கிழமையும் வந்தது. கூடவே டென் ப்ரூமலும் வந்தார், இருபத்திரண்டு கட்டடக் கலை மாணவர்களோடு. எல்லோரும் கறுப்புக் கோட்டு. ஜன்னலுக்கு நேராக, கால்வாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூன்று வரிசையாக நின்றார்கள். சாதாரணக் குடிமகன் என்ற முறையில் எனக்கும் ஓரத்தில் ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். தலைவர் நினைவு, நங்கூரம் என்று தொடங்கினார். பாலத்தில் மணி அடித்தது. சாலைத் தடுப்புகள் இறங்கின, பாலம் மேலே எழுந்தது.

ஊபெலெ வெளியே ஓடி வந்தான். “ஐயா, கொஞ்சம் நகந்துக்கறீங்களா, மகளோட படகு வருது…”

தலைவர் ஒரு விரலை உயர்த்தினார். இன்னும் ஒரு நிமிடம் என்று அர்த்தம்.

ஜன்னல் படாரென்று திறந்தது. எதிர்காற்றில், எஞ்சின் இரைச்சலுக்கு மேலே, நாற்பத்தோரு வருடம் பழகிய குரல்.

“ஏய்! கறுப்புக் கோட்டெல்லாம்! குனி! எல்லாரும் குனி! உயரமா நிக்கற தம்பி, நீங்களும்தான்! கீழ!”

இருபத்திரண்டு பேரும் சடாரென்று குந்தினார்கள். டென் ப்ரூமலும் குந்தினார். நானும் குந்தினேன். யோசிக்க நேரமே கொடுக்காத குரல் அது.

எங்கள் தலைகளுக்கு மேலாக அவளுக்குத் தெரியும்படி, முதுகுக்குப் பின்னால் மணல் படகு மெதுவாகப் போனது. தாயின் வீட்டு வாசலில் ஒரு கூட்டமே குந்தியிருப்பதைப் பார்த்து பௌக்யெ திகைத்தாள். பிறகு நீளமாக ஒருமுறை ஹார்ன் அடித்தாள். ஹில்க்யெ கையை அசைக்கவில்லை. இரண்டு கைகளாலும் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, படகு வளைவில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

என் பக்கத்தில் டென் ப்ரூமலின் முழங்கால் சடக்கென்று சத்தம் போட்டது.

“அம்மா,” என்றார் தாழ்ந்த குரலில், “எந்திரிக்கலாமா?”

“பாலம் இறங்கட்டும்” என்றாள் ஹில்க்யெ.