ரெல்யாவின் வீட்டுப்பாடம்

நிஷ் நகரத்தில் ரொட்டிக்கடை வேலை என்றால் ஊர் விழிப்பதற்கு வெகுமுன்பே அடுப்புக்கு முன்னால் நிற்க வேண்டும். ஒலிவேரா அப்படித்தான் நின்றாள். மாவு பிசைந்து, இறைச்சி வைத்த புரெக் என்கிற அடுக்கு ரொட்டியைத் தட்டுத் தட்டாகச் சுட்டு விற்றுவிட்டு, மகனைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, சமைத்துப் போட்டு முடிக்கும்போது உடம்பில் ஒரு பொட்டுத் தெம்பு மிஞ்சாது. சண்டை அதற்குப் பிறகுதான் ஆரம்பமாகும்.

மகன் ரெல்யா இரண்டாம் வகுப்பு. அப்பா திஹோமிர் லாரியோடு மாதத்தில் பாதி நாள் ஜெர்மனிப் பக்கம் போய்விடுவான். ஆகவே வீட்டுப்பாடம் அம்மாவின் தலையில். டீச்சர் நெவென்கா தினமும் பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம் பார்த்து எழுதச் சொல்வாள். எழுத்துகளை ஒன்றோடொன்று கோத்து எழுத வேண்டும். கூடவே ஒரு மூட்டைக் கணக்கு. ரெல்யாவின் கைக்கு அந்தக் கோர்வை வரவில்லை. பென்சிலைப் பிடித்தால் விரல் வெளுத்துப்போகும், எழுத்து மட்டும் கோட்டைத் தாண்டி ஓடும்.

செப்டம்பரில் ஒலிவேரா பொறுமையாகத்தான் உட்கார்ந்தாள். அக்டோபரில் கத்தினாள். அப்புறம் காதைத் திருகினாள். குளிர் வந்தபோது கன்னத்தில் அறைவது சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைப்பது போல் தினப்படி வேலையாகிவிட்டது. அடித்துவிட்டு அழுவாள். அழுதுவிட்டு, "எழுது" என்பாள். எழுத்து கொஞ்சம் கொஞ்சமாக நேரானது. அதனால் அடி நிற்கவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் ரெல்யா ஒரே வரியை நாலாம் முறை அழித்தான். ரப்பர் தேய்த்த இடத்தில் தாள் கிழிந்தது. ஒலிவேரா பக்கத்தைச் சரக்கென்று உருவிக் கசக்கி எறிந்தாள்.

"முதல்லேர்ந்து எழுது."

"கை வலிக்குதும்மா."

"எனக்கு வலிக்கலையா? விடியறதுக்கு முன்னாடியே எழுந்து நிக்கிறேனே, எனக்கு வலிக்கலையா? எழுதுடா!"

"நீயே எழுதிக்கோ. உனக்குத்தானே வேணும்" என்று பென்சிலை வீசினான் பையன்.

அவள் கை அவன் பிடரியைப் பிடித்தது. நோட்டுப் பக்கம் குனிய வைக்கத்தான் நினைத்தாள் என்று பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் அந்தக் கை அன்றாடம் மாவைப் பலகையில் அறைகிற கை. மேசை விளிம்பில் மட்டென்று சத்தம் கேட்டது. ரெல்யா நிமிர்ந்தபோது வாய் முழுக்க ரத்தம். போன வருஷம் பால்பல் விழுந்து புதிதாக முளைத்திருந்த முன்பல்லில் பாதி, கணக்குப் புத்தகத்தின் மேல் கிடந்தது.

அவன் அழவில்லை. ரத்தம் சொட்டிய தாளைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான்.

"இதையும் திரும்ப எழுதணுமா?" என்று கேட்டான்.

எப்படி உடைந்தது என்று பல் மருத்துவர் ஒலிவேராவைக் கேட்டார். பையன்தான் பதில் சொன்னான். படிக்கட்டில் ஓடினேன், கால் தடுக்கியது, கைப்பிடிக் கம்பியில் இடித்தது. தடங்கலே இல்லாமல் சொன்னான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மருத்துவர் அவன் தலையைத் தடவி, "போக்கிரிப் பயலே, மெதுவா நடக்கக் கூடாதா?" என்றார். ஒலிவேராவுக்கு அந்த அறையின் தரை பிளந்து தன்னை விழுங்கிக்கொண்டால் தேவலை என்றிருந்தது. ஆனாலும் மறுநாள் சாயங்காலம் அதே மேசையில் அதே நோட்டைத் திறந்து வைத்தாள். அடிக்கவில்லை. அடிக்கத் தேவையே இருக்கவில்லை. பையன் மூச்சு விடாமல் எழுதினான்.

அடுத்த வாரம் பெற்றோர் கூட்டம். பெரியவர்கள் எல்லாரும் பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். டாக்ஸி ஓட்டும் போக்தான் எழுந்தான். அவனுக்கு இரட்டைப் பெண்கள்.

"டீச்சர், நாலாவது முடியுற வரைக்குமாவது இந்த வீட்டுப்பாடத்த நிறுத்துங்க. என் பொண்ணுங்க ரெண்டும் ஞாயித்துக்கிழமை மத்தியானமே வயித்த வலிக்குதுன்னு சுருண்டுக்குதுங்க. ஏழு எட்டு வயசுப் பிள்ளைக்கு எதுக்கு இவ்வளவு?"

பின்னால் இருந்து தமியான் சிரித்தான். காருக்கு உதிரிபாகம் விற்கிற கடைக்காரன், கதவளவு தோள்.

"பஞ்சு மெத்தையில வெச்சு வளர்த்தீன்னா அதுங்களும் உன்ன மாதிரி டாக்ஸிதான் ஓட்டும்."

"ஓட்டட்டுமே. உன்ன மாதிரிப் பழைய சாமானுக்குப் பெயின்ட் அடிச்சுப் புதுசுன்னு விக்காம இருந்தாச் சரி."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. டீச்சர் நெவென்கா கையைத் தட்டி அடக்கினாள். நல்ல பெண்மணி, குரலை உயர்த்தவே மாட்டாள்.

"சண்ட வேண்டாம். ஒரு உதாரணம் சொல்றேன். நம்ம ரெல்யா வந்தப்ப அவன் எழுத்து கோழி கிளறின மாதிரி இருந்துச்சு. இப்பப் பாருங்க, அச்சடிச்ச மாதிரி. எப்படி? தினமும் வீட்ல உக்காந்து எழுதுறான். அவங்க அம்மா உக்கார வெக்கிறாங்க. ஒலிவேராவுக்கு எல்லாரும் ஒரு கைதட்டு குடுக்கலாம்."

கைதட்டினார்கள். ஒலிவேராவின் முகத்தில் ரத்தம் சுண்டியது.

"பார்த்தியாடா டாக்ஸி?" என்றான் தமியான். "அதான் பொம்பளை. நீ உன் பொண்ணுங்களோட போயி வயித்த வலிக்கு நீயும் சுருண்டு படு."

போக்தான் நாற்காலியை உதைத்துத் தள்ளிக்கொண்டு அவனிடம் பாய்ந்து போனான். தமியான் அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, நெற்றியால் மூக்கில் ஒரே முட்டு. மூக்கெலும்பு முறிந்த சத்தம் கடைசி வரிசைக்குக் கேட்டது. ஜன்னல் ஓரத்தில் பிள்ளைகள் அவரைக்கொட்டை முளைக்க வைத்திருந்த டப்பாக்கள் சரிந்தன. விழுந்தவனின் விலாவில் தமியான் உதைத்தான். பெண்கள் அலறினார்கள். ஆண்கள் "விடுய்யா, விடுய்யா" என்றார்களே தவிர ஒருவனும் கிட்டே போகவில்லை.

போனவள் ஒலிவேரா. கையில் கிடைத்தது ஒரு குட்டி நாற்காலி. அதைத் தமியானின் தோளில் இறக்கினாள். அவன் திரும்பினான், மறுபடி இறக்கினாள். அவன் முழங்காலில் விழுந்தான். கையைத் தூக்கி மறைத்தான், அந்தக் கையிலும் அடித்தாள். அவன் "போதும், போதும்" என்று கத்தியது அவள் காதில் விழுந்தது, ஆனாலும் நாற்காலி ஏறி ஏறி இறங்கியது. கடைசியில் மூக்கில் ரத்தம் வழிய போக்தானே எழுந்து அவளை இடுப்போடு கட்டி இழுத்தான்.

"விடும்மா! செத்துடப் போறான்!"

அவள் நாற்காலியைக் கீழே போட்டாள். கை நடுங்கவில்லை. அதைப் பார்த்துத்தான் அவளுக்குப் பயம் வந்தது.

"கை தட்டாதீங்க" என்றாள். யாரும் தட்டிக்கொண்டிருக்கவில்லை. "படிக்கட்டுல விழல ரெல்யா. நான்தான் ஒடச்சேன் அந்தப் பல்ல. பிடரியப் புடிச்சு மேசையில மோதினேன். அந்த அச்சடிச்ச எழுத்து இருக்கே, ஒவ்வொரு வரியும் அடி வாங்கி எழுதினது."

டீச்சர் நெவென்கா சுண்ணாம்பாய் வெளுத்துப்போய் நின்றாள்.

"நான் எழுதத்தானே சொன்னேன்" என்றாள் மெதுவாக. "அடிக்கச் சொல்லலையே, ஒலிவேரா."

"சொல்லல, டீச்சர். அது நான் செஞ்சது."

முன்வரிசையில் இருந்த ஒருத்தி அவள் காலடியில் துப்பினாள். இன்னொருத்தி அந்தத் துப்பியவளைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமலே பையை மாட்டிக்கொண்டு வேகமாக வெளியே போனாள்.

தமியானுக்குத் தோள் எலும்பில் விரிசல். ரொட்டிக்கடைக்காரி குட்டி நாற்காலியால் அடித்தாள் என்று போலீஸில் போய் எழுதிக்கொடுக்க அவனுக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. ஆனால் பல்லைப் பற்றி டீச்சர் மேலிடத்துக்குத் தெரிவித்தாக வேண்டியிருந்தது. குழந்தைகள் நலனைப் பார்க்கிற அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து, ரெல்யாவை ஆற்றுக்கு அக்கரையில் இருந்த அவன் அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒலிவேரா வாரா வாரம் அவர்கள் சொன்ன இடத்துக்குப் போய் உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள்.

திஹோமிர் ஜெர்மனியிலிருந்து வந்தான். பையைக் கீழே வைக்குமுன் அவளை ஓங்கி அறைந்தான். அவள் சுவரில் மோதி உட்கார்ந்தாள்.

"பச்சப் பிள்ள மேல கைய வெப்பியா? வெப்பியாடி?"

அவள் கையைத் தூக்கவில்லை. உதட்டில் கசிந்ததைத் துடைத்துக்கொண்டு, "சாப்பாடு அடுப்புல இருக்கு" என்றாள். அவன் அப்படியே நாற்காலியில் சரிந்து முகத்தை மூடிக்கொண்டான்.

வீட்டுப்பாடம் நிற்கவில்லை. அடுத்த கூட்டத்தில் வேண்டாம் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னபோது போக்தானோடு சேர்ந்து தூக்கியவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் வேண்டும் என்றார்கள். ரெல்யாவுக்கு மட்டும் இந்த வருஷம் எதுவும் எழுத வேண்டாம் என்று டீச்சர் சொல்லிவிட்டாள்.

பனி கரைந்த பிறகு பையனைத் திருப்பி அனுப்பினார்கள். முதல் நாள் ஒலிவேரா அலமாரியிலிருந்து தட்டை எடுக்கக் கையைத் தூக்கினாள். அவன் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான். சாப்பிட்டு முடித்ததும் மேசை காலியாகக் கிடந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"வெளையாடப் போறேன்" என்று பந்தை எடுத்துக்கொண்டு அவன் இறங்கிப் போனான்.

ஜன்னல் வழியே பார்த்தாள். கீழே குடியிருப்பு முற்றத்தில் ஒரு குஞ்சுகூட இல்லை, எல்லாப் பிள்ளைகளும் உள்ளே எழுதிக்கொண்டிருந்தன. ரெல்யா தனியாகக் கார் ஷெட் கதவில் பந்தை உதைத்துக்கொண்டிருந்தான். ஒலிவேரா வீட்டுச் செருப்போடு இறங்கிப் போய் அந்தக் கதவுக்கு முன்னால் நின்றாள்.

"நான் கோல் காக்கிறேன். அடி."

முதல் பந்து மெதுவாக வந்தது. பிடித்து உருட்டிவிட்டாள். அடுத்தது கொஞ்சம் வேகம். அதற்கடுத்தது அவள் முகத்தில் நேராக அறைந்தது. கண்ணில் பூச்சி பறந்தது, மூக்கிலிருந்து சூடாக ஒழுகியது. ரெல்யா உறைந்துபோய் நின்றான், ஓடவும் தயாராக.

ஒலிவேரா பந்தை எடுத்து அவன் காலடிக்கு உருட்டினாள்.

"அடிடா" என்றாள்.

அவன் அவளையே பார்த்தான். பிறகு நாலடி பின்னால் போனான், ஓடி வந்து முழு பலத்தோடு உதைத்தான். இடப்பக்கமும் வலப்பக்கமும் கதவு காலியாகக் கிடந்தது. பந்து அவள் வயிற்றுக்குத்தான் வந்தது. அடுத்ததும் அப்படித்தான். பல்லைக் கடித்துக்கொண்டு, அழுதுகொண்டே, அவன் திரும்பத் திரும்ப அடித்தான். அவன் குறி எதுவென்று அவளுக்குப் புரிந்தது. அவன் கால் ஓயும்வரை ஒவ்வொரு முறையும் பந்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.