முருங்கைக்கு ஊற்றிய பால்

எங்கள் வீட்டுக் கொல்லை முருங்கை அந்த வருஷம் காய்த்துத் தள்ளியது. தள்ளாமல் என்ன செய்யும்? தினமும் காலையில் என் நாத்தனார் ஜஹீதா, மார் கட்டிக்கொள்ளாமல் இருக்கப் பிழிந்தெடுத்த பாலைப் பித்தளைக் கிண்ணத்தில் கொண்டுபோய் அதன் வேரில்தான் ஊற்றுவாள். தாய்ப்பாலைக் கால் படும் இடத்தில் கொட்டக்கூடாதாம். பாலுக்கு அவ்வளவு மரியாதை. அதே வீட்டின் உள்ளறையில் என் மகன் பசியில் கத்திக் கத்தித் தொண்டை வற்றிக் கிடப்பான்.

எனக்குப் பால் போதவில்லை. அதை நான் யாரிடமும் மறைக்கவில்லை. மறைத்தாலும் பயனில்லை, என் மாமியார் சுகரா பேகம் ஆம்பூர் முழுக்கச் சொல்லிவிட்டார். தலைப்பிள்ளையைப் பார்க்க வந்தவர்களிடம், பிள்ளையைக் காட்டுவதற்கு முன்னால் என் குறையைக் காட்டினார்.

"குடியாத்தத்துப் பொண்ணு எடுத்தோம். மாரு இருக்குது, பால் இல்ல. இன்னா பண்றது, நம்ம நசீபு."

வந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிவிட்டு, பலகாரம் தின்றுவிட்டுப் போனார்கள். பூண்டை நெய்யில் வதக்கிக் கொடுத்தார்கள். பால்சுறாக் கருவாட்டைப் புட்டு செய்து கொடுத்தார்கள். வெந்தயத்தைக் களியாகக் கிண்டிக் கொடுத்தார்கள். கழுத்தில் தாயத்துக்குமேல் தாயத்தாகக் கட்டினார்கள். தண்ணீர் மட்டும் தரவில்லை. பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் வயிறு ஊதிவிடுமாம். சுண்டக் காய்ச்சிய கஷாயம் ஒரு மடக்கு, அதோடு சரி. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறவளிடம் பால் எங்கே என்று கேட்கிற புத்திசாலிகள் அந்த வீட்டில்தான் இருந்தார்கள்.

என் கணவர் முனீர் அகமது தோல் வியாபாரத்தில் பெரிய கெட்டிக்காரர் என்று பெயர். ஆட்டுத்தோலைக் கையால் ஒரு தடவு தடவினால் போதும், எங்கே கத்தி பட்டிருக்கிறது, எங்கே உண்ணி கடித்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அந்தக் கைக்குத் தன் மகனின் விலா எலும்பு தட்டுப்படவே இல்லை. மதராஸிலிருந்து ஒரு சீமைப் பால்மாவு டப்பா வாங்கி வந்தார். அதைக் கரைத்துக் கொடுத்ததில் பிள்ளைக்கு வயிற்றால் போய், இருந்த சதையும் போயிற்று.

"அம்மி சொல்றபடி கேளு சைரா. அவங்களுக்குத் தெரியாததா?" என்றார், தன் தாயைக் காட்டி. டப்பா அழகாக இருக்கிறது என்று அவரே அதைக் கழுவி எடுத்துக்கொண்டார்.

எங்கள் தோல் மண்டியில் தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிக்கிற சௌந்தரத்துக்கும் கைக்குழந்தை இருந்தது. விறகு போட வந்தவள் என் மகனின் அழுகையைக் கேட்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"எங்கிட்ட குடும்மா. எனக்கு ஜாஸ்தியா சுரக்குது. ரெண்டு புள்ளைக்கும் காணும்."

நான் எழுந்து பிள்ளையை நீட்டுவதற்குள் மாமியார் குறுக்கே வந்தார்.

"தோல் நாத்தம் புடிச்ச பாலு எங்க வூட்டுக் கொழந்தைக்கு வாணாம். நீ போ."

தோல் நாற்றமாம்! ஜெர்மன் சண்டைக்கு பூட்ஸ் தோல் அனுப்பிய பணத்தில் கட்டிய மாடி வீடு அது. அவர் கழுத்தில் புரண்ட அத்தனை நகையும் அந்த நாற்றத்தில் வந்தது. அந்த நாற்றம் பெட்டியில் விழுந்தால் பரக்கத், பிள்ளை வாயில் விழுந்தால் கேவலம். சௌந்தரம் என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

சரி, வேலைக்காரி வேண்டாம். பால் பெருகி வழிகிற ஜஹீதா அதே வீட்டில், பக்கத்து அறையிலேயே இருந்தாளே? தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்தவள். தாயில்லாத எனக்குப் பிரசவமும் அங்கேயே. எனக்கு மகன் பிறந்த அதே மாதத்தில் அவளுக்கு மகள் பிறந்தாள். அங்கேதான் இருந்தது வினை. மண்டியில் பாதி என் கணவருடையது, மறுபாதி ஜஹீதாவின் கணவருடையது. மண்டி பிரியாமல் இருக்க வேண்டுமானால் என் மகனுக்கு அவள் மகளைக் கட்டிவைக்க வேண்டும். தொப்புள்கொடி காய்ந்து விழாத இரண்டு பிள்ளைகளுக்கு மாமியார் அன்றைக்கே சம்பந்தம் பேசி முடித்துவிட்டார்.

எங்கள் மார்க்கத்தில் ஒருத்தியிடம் பால் குடித்த பிள்ளைகள் கூடப்பிறந்தவர்களைப் போல. அவர்களுக்குள் நிக்காஹ் ஆகாது. என் மகன் ஜஹீதாவிடம் குடித்தால் அவள் மகளுக்கு அவன் அண்ணன், சம்பந்தம் போச்சு, மண்டி இரண்டு. அதனால் பால் முருங்கைக்குப் போயிற்று.

ஒரு நாள் நான் கொல்லைக்கு ஓடி அவள் கையைப் பிடித்தேன்.

"ஜஹீதா, அந்தக் கிண்ணத்தைக் குடு. சங்குல ஊட்டிக்கறேன்."

அவளுக்கு முகமெல்லாம் கலங்கிப்போயிற்று. "கிண்ணத்துல குடுத்தாலும் ஒண்ணுதான் பாபி. அம்மி மார்க்கம் தெரிஞ்சவங்ககிட்ட கேட்டு வெச்சிருக்காங்க. என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க, யாரும் பாக்கறப்பவும் குடுக்க மாட்டேன், பாக்காதப்பவும் குடுக்க மாட்டேன்னு."

"அவன் செத்துடுவான்."

"அவன் அழறப்பல்லாம் எனக்குத் தானா வடியுது பாபி. நான் இன்னா பண்ணுவேன்?" என்று அழுதாள். அழுதுகொண்டே ஊற்றினாள். எனக்கு அவளை அறையவேண்டும் போல இருந்தது.

என் மகன் மெல்ல அழுகையைக் குறைத்துக்கொண்டான். "பாத்தியா, கொழந்தை பழகிட்டான்" என்று மாமியார் சந்தோஷப்பட்டார். அழத் தெம்பில்லாமல் கிடக்கிற பிள்ளையைப் பார்த்து மகிழ்கிறவர்களிடம் எதைச் சொல்வது?

எனக்குப் பிரசவத் தீட்டு நாற்பது நாள் கழித்த அன்றைக்கே சம்பந்தத்தையும் ஊரறியச் செய்துவிட வேண்டும் என்று மாமியாருக்கு அவசரம். ஆம்பூர், வாணியம்பாடி உறவுப் பெண்கள் அத்தனை பேரையும் அழைத்தார். கூடம் நிறைந்தது. பெண்களுக்கு ஓதிக்கொடுக்கும் பீபி நடுவில் உட்கார்ந்து பாத்திஹா ஓதினார். பிறகு சர்க்கரை ஊட்டும் சடங்கு. அந்தக் குடும்பத்து வழக்கப்படி பெண்ணைப் பெற்றவள் மாப்பிள்ளையை மடியில் வாங்கி உதட்டில் சர்க்கரை தடவ வேண்டும், பிள்ளையைப் பெற்றவள் பெண்ணை வாங்க வேண்டும். பசியில் பாதி உயிராய்க் கிடந்தவனுக்கு மாப்பிள்ளை என்று பெயர். ஜரிகைத் தொப்பி வேறு போட்டிருந்தார்கள். அது காதுவரை இறங்கியிருந்தது.

சம்பந்தம் போய்விடக்கூடாதென்று இத்தனை நாள் அவனை எந்த மடியில் விடாமல் காத்தார்களோ, அந்த மடியிலேயே மாமியார் தன் கையால் தூக்கி வைத்தார். சடங்கு என்று வந்துவிட்டால் புத்தி வேலை செய்யாது.

ஜஹீதா சர்க்கரையை எடுத்தாள். அவன் வாயைத் திறக்கவில்லை. முகத்தைத் திருப்பி, அவள் ரவிக்கைத் துணியை மோந்தான். பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். அவளுடைய பச்சைப் பட்டு ரவிக்கை எல்லோரும் பார்க்க நனைந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவள் மகளை மார்போடு அணைத்துக்கொண்டு சொன்னேன், "உன் புள்ளையா இருந்தா?"

சர்க்கரைக் கிண்ணம் உருண்டது. ஜஹீதா முந்தானையை இழுத்து அவனை மூடினாள்.

"அடியே! இன்னாடி பண்றே! எடுடி!" மாமியார் பாய்ந்து வந்தார். அதற்குள் கூடத்தில் சத்தம் அடங்கிவிட்டது. முந்தானைக்குள்ளே அவன் மடக் மடக்கென்று விழுங்குவது எல்லோருக்கும் கேட்டது.

மாமியார் பீபியின் பக்கம் திரும்பினார். குரல் இறங்கிவிட்டது. "ஒரு வாய்தானே பீபி? இப்பவே எடுத்துட்டா? யார் கண்டது?"

யார் கண்டதா! அவரே வண்டி அனுப்பி அழைத்து வந்த கூட்டம் மொத்தமும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது. பீபி கையிலிருந்த தஸ்பீஹ் மணிமாலையைக் கீழே வைத்தார்.

"ஒரு வாயும் போதும் சுகரா. இனிமே அதுங்க அண்ணன் தங்கச்சி."

மாமியார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மண்டி கண்ணெதிரே இரண்டாவதைப் பார்த்துவிட்டார் போல. ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. ஆத்திரத்தில் என் மகனைப் பிடித்து இழுக்கப் போனார். நான் அந்தக் கையைப் பிடித்தேன். அந்த வீட்டில் அவரைத் தொட்டுத் தடுத்தது அதுவே முதல் தடவை.

"வுடுங்க மாமி. ஒரு வாய்லயே எல்லாம் போயிடுச்சு. இனிமே அவன் வயிறு நிறைஞ்சா உங்களுக்கு இன்னா கம்மி ஆயிடப் போவுது?"

ஜஹீதா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனை மறுபக்கம் மாற்றிப் போட்டாள். நான் எழுந்துபோய்ப் பானையிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு, அத்தனை பேர் முன்னாலும் நின்றபடியே குடித்தேன்.