சின்னம்மாவுக்கு ஐம்பது

இணைப் பேராசிரியர் பதவிக்கு இது என் மூன்றாவது விண்ணப்பம். கட்டுரை எழுதுகிறவர்களுக்குத் தலைவலி இல்லை. நான் நாடகம் போடுகிறவள். நாடகத்துக்கும் புள்ளி உண்டு. ஆனால் அதில் என் பங்கு அறுபது சதவீதமாவது இருக்க வேண்டுமாம், நடித்தவர்களும் அதை ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டுமாம். படிவத்தில் பென்சிலால் நானே எழுதிவிட்டேன்: எனக்கு எழுபது, நடித்த ஆறு பேருக்கும் ஆளுக்கு ஐந்து.

ஆறு பேரும் கடல் பாலத்துக்கு அக்கரையில், மாக் மண்டின் என்ற இடத்தில் உள்ள தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் பெண்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனுக்குப் போனேன். ஐந்து பேர் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்கள். சின்னம்மா மட்டும் கண்ணாடியை எடுத்து மாட்டினார். இருபது வருடமாக, பெல்ட்டில் ஓடிவரும் சரக்கைச் சோதித்து அனுப்புகிறவர் அவர்; எதையும் படிக்காமல் விடமாட்டார்.

"என்ன நிரோஷா டாக்டர், எனக்கு அஞ்சுதானா?"

"சும்மா ஃபாரத்துக்குத்தான்க்கா."

"அம்மா செத்த சேதி வந்தும் ஷிஃப்ட் முடியிற வரைக்கும் நான் பெல்ட்ட விட்டு நகரல. அதானே நாடகம்? அது யாரு கதை?"

"உங்க கதைதான். ஆனா எழுதினது நான்லா."

"அதான் பாதி."

ஐந்தை அழித்து ஐம்பது என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு, மறுபடி சாப்பிட ஆரம்பித்தார். எனக்கு மிஞ்சியது இருபத்தைந்து.

பற்றிக்கொண்டு வந்தது. மண்டபம் பிடித்தது யார், ஒத்திகைக்குக் காரில் ஏற்றி இறக்கியது யார் என்று பாலத்தைக் கடக்கும்வரை பொருமினேன். வீட்டுக்கு வந்ததும், நான் எழுதிய வரிகளுக்கெல்லாம் சிவப்புக் கோடு போட்டுக் காட்டிவிடலாம் என்று பிரதியை எடுத்தேன். சபையே அழுத கடைசிக் காட்சியில் பேனா நின்றுவிட்டது. சின்னம்மா சொன்னதில் பெயரை மாற்றியதைத் தவிர அதில் நான் ஒன்றுமே செய்திருக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

படிவத்தை அப்படியே கொடுத்தேன். பல்கலைக்கழக அலுவலகத்து ஃபாத்தின் இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டு, இப்படி அனுப்பினால் கிடைக்காது என்று மலாய் மொழியில் மெதுவாகச் சொன்னாள். அவள் சொன்னபடியே கிடைக்கவில்லை.

கடிதம் வந்த அன்று சின்னம்மாவுக்குப் போன் செய்தேன். குத்திக்காட்டத்தான் செய்தேன், மறைப்பானேன்.

"என்னாலயா டாக்டர்?"

"ஆமாக்கா." பிறகு மனசு கேட்கவில்லை. "ஆனா நீங்க போட்டது சரிதான்."

"மூணு தடவ கேட்டும் குடுக்கல, இல்ல? அடுத்த நாடகத்துக்கு உங்களோட அந்தக் கதைய போடுங்க. நானே நடிக்கிறேன்," என்றார் சின்னம்மா. "அதுல எனக்கு அஞ்சு போதும்."