காது மூடியின் இடது பக்கம்

...சரி, மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது என்றால் தாண்டக் கூடாதுதான், அதை எத்தனை தடவை சொல்வார் இந்த மனிதர், வந்திருக்கிற இருபது பேருக்கும் எழுதப் படிக்கத் தெரியும், சுவரிலும் எழுதித்தான் போட்டிருக்கிறார்கள்... வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள், என் கழுத்தில் கிடந்த அளவு டேப்பின் முனைத்தகடு பட்டு உடம்பைச் சோதிக்கிற கருவி கீச்சென்று கத்தியது, காவலுக்கு நின்ற பெண் என்னை ஏற இறங்கப் பார்த்து, "என்னம்மா இது கழுத்துல?" என்றாள், "நான் டெய்லர்ம்மா, இது கிடக்கிறது எனக்கே ஞாபகம் இருக்காது" என்றேன், சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாள். தையல் மிஷினை விட்டு எழுந்தவள் அப்படியே வந்திருக்கிறேன். பெற்ற பெண் வேலை செய்யும் இடத்தைப் பார்க்க யாராவது இந்தக் கோலத்தில் வருவார்களா? ஆனால் தலை சீவி உடை மாற்றிக்கொண்டு என்று நின்றிருந்தால் மனசு மாறியிருக்கும், வந்திருக்கவே மாட்டேன். தொழிற்சாலையிலிருந்து தபாலில் அட்டை வந்தது, பணியாளர் குடும்பத்தாருக்கு ஒருநாள் சுற்றிக் காட்டுகிறார்களாம், என் பெண் அதைப் படித்துவிட்டு, "நீ வர வேண்டாம்மா, ஒரே எண்ணெயும் பிசுக்கும்" என்று சொல்லி இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டாள், நான் எடுத்து ஒட்டி வைத்துக்கொண்டேன். வீட்டில் தேவைக்கு ஒரு வார்த்தை, அதோடு சரி. நான் வாயைத் திறந்தால் போதும், முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இங்கே நாலு பேர் முன்னால் அப்படிச் செய்ய முடியுமா? வாம்மா என்று சொல்லித்தானே ஆக வேண்டும்? அந்த ஒரு வாம்மாவுக்காகத்தான் இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறேன்.

வழிகாட்டி நல்ல பேச்சுக்காரர், துணிக்கடையில் துணியை விரித்துக் காட்டுகிற மாதிரி துப்பாக்கியைக் காட்டுகிறார், இது இரும்புத் தண்டு, இதைக் குடைகிறோம், இது குழல்... குடைகிற இடத்தில் பால் மாதிரி வெள்ளையாக ஏதோ ஊற்றிக்கொண்டே இருக்கிறது, சூடு தணிக்கவாம். ஜன்னலோரம் ஓர் ஆள் குழலைக் கண்ணில் வைத்து வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், நாள் முழுக்க அதுதான் வேலை, வளைவு இருக்கிறதா என்று பார்ப்பது, "நீங்களும் பாருங்கம்மா" என்று என்னிடம் நீட்டினார். பார்த்தேன். வளையம் வளையமாக வெளிச்சம், ஒன்றுக்குள் ஒன்று, சுற்றிச் சுற்றி உள்ளே போகிறது. அழகாக இருந்தது, சத்தியமாக அழகாக இருந்தது, அதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு மனுஷனுக்குள் போகிற வழி இவ்வளவு அழகாக இருக்கலாமா? சட்டென்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்தப் பக்கம் அடுக்கடுக்காக முடிந்த துப்பாக்கிகள், பள்ளிக்கூடச் சீருடை மாதிரி எல்லாம் ஒரே அளவு, நான் தைக்கிற சட்டை எந்தப் பிள்ளைக்குப் போகும் என்று எனக்குத் தெரியும், இவர்களுக்கு அது தெரிய வேண்டியதில்லை போலிருக்கிறது. இதில் என் பெண்ணுக்கு என்ன வேலை? தரம் பார்க்கிற பிரிவு என்றாள். ஒரு மேஜை, ஒரு நோட்டு, ஒரு பேனா, பக்கத்தில் தண்ணீர் பாட்டில்... நாலு வருஷமாக மனசுக்குள் நான் அவளை அந்த மேஜையில்தான் உட்கார வைத்திருக்கிறேன், ஜன்னல் கூட வைத்துக் கொடுத்திருந்தேன்.

காது மூடி கொடுத்தார்கள், கனமாக, இரண்டு கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி. இனிமேல்தான் சுட்டுப் பார்க்கும் அறை, ஒவ்வொரு துப்பாக்கியையும் ஐந்து தடவை சுட்டுப் பார்த்துத்தான் வெளியே அனுப்புவார்களாம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் மூன்று பேர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. முதல் வெடி, காதில் கேட்கவில்லை, நெஞ்செலும்பில் கேட்டது. எனக்கு முன்னால் நின்ற பெரியவர் தோளை நான் பிடித்துவிட்டேன், அவரும் யாரையோ பிடித்திருந்தார். நடுவில் நிற்பது பெண் என்று தெரிந்தது, தலைமுடியைச் சுருட்டி மேலே குத்தியிருக்கிறாள், பாவம், யார் பெற்ற பிள்ளையோ என்று நினைத்தேன், நினைத்து முடிக்கவில்லை, அவள் வலது தோளைத் தூக்கித் துப்பாக்கியின் பின்கட்டையை அதில் பொருத்தினாள், அந்தத் தோளை எனக்குத் தெரியும். போன மழைக்காலத்தில் கோட்டுக்கு அளவெடுத்தபோது வலது தோளில் அரை அங்குலம் கூடுதலாக வந்தது, தினமும் பையை மாட்டி மாட்டி இப்படி ஆகிவிட்டது என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு வலது பக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தித் தைத்தேன்... ஐயோ, மேஜை இல்லை, நோட்டு இல்லை, பேனா இல்லை. இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. துப்பாக்கியை வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறாள். சிறு வயதில் பட்டாணி உரித்த மாதிரி, ஒன்று முடிந்ததும் அடுத்தது, கை தேடவே தேடாது.

வெடிகளுக்கு நடுவே வழிகாட்டி காது மூடிகளைக் கழற்றச் சொன்னார். "நடுவுல நிக்கிறவங்கதான் எங்க நம்பர் ஒன். ஆனா இங்க யாரும் பேர் சொல்லிக் கூப்பிடறதில்ல, 'சத்தமாச் சொல்லு'ன்னுதான் கூப்பிடுவோம். எதைச் சொன்னாலும் முதல் பதில் அதான்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வாய் தானாகச் சிரித்தது, வீட்டில் ஒருநாள்கூட அவள் என்னிடம் சத்தமாகச் சொல் என்று சொன்னதில்லையே என்று அதற்கப்புறம்தான் உறைத்தது. கண்ணாடியோரம் நின்ற மேற்பார்வையாளர் மட்டும் சிரிக்கவில்லை. உள்ளே அவள் மறுபடி தயாராகிறாள், இடது பக்கக் காது மூடியை ஒரு விரலால் நெம்பி மேலே தூக்கி விட்டுக்கொள்கிறாள். "ஏன் சார் அந்தப் பொண்ணு அதைத் திறந்து வச்சுக்குது?" என்று அவரிடம் கேட்டேன், என் குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. "அது இங்க பழைய ஆளுங்க பழக்கம்மா. குண்டை உள்ள தள்ளி போல்ட்டை மூடும்போது ஒரு சத்தம் வரும் பாருங்க, அதை வச்சே துப்பாக்கி சரியா இல்லையான்னு சொல்லிடுவாங்க. கண்ணுக்குத் தப்பறது காதுக்குத் தப்பாது. வலது பக்கம் கட்டையில ஒட்டிக்கும், அதனால இடதைத் திறப்பாங்க. திறந்தவங்க மூடாமலே சுட்டுடறாங்க. கூடாதுன்னு சொல்லாத நாள் இல்ல." குரலைத் தாழ்த்திச் சொன்னார், "இவங்களுக்கு ரெண்டு வருஷமா இடது காது சுத்தமா கேக்காது. வேற பிரிவுக்கு மாத்தறேன்னா வேண்டாங்கறாங்க, வீட்டுக்குத் தெரிஞ்சா வேலையை விடச் சொல்லிடுவாங்களாம். அம்மாவுக்குத் தெரியவே கூடாதுன்னு ஒரே பிடிவாதம்." "தெரிஞ்சுடுச்சு சார்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், அப்புறம் கழுத்தில் கிடந்த டேப்பைப் பார்த்தார், என்ன புரிந்ததோ, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

இரண்டு வருஷம்... வாசலிலிருந்து கத்துவேன், திரும்ப மாட்டாள், திமிர் என்றேன், கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன், சம்பாதிக்கிற திமிர் என்று. சாப்பிடும்போது எப்போதும் சுவரோரம் போய் இடது கையைச் சுவரில் உரசிக்கொண்டு உட்காருவாள், அம்மா பக்கத்தில் உட்காரக்கூடப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன், அப்படி உட்கார்ந்தால்தானே நான் வலது பக்கம் வருவேன்! எனக்கு ஏன் தெரியவில்லை? அரை அங்குலத் தோளைக் கண்டுபிடிக்கிறவளுக்குக் காது போனது தெரியவில்லையே, நான் என்ன தாய்? ஐயோ, அப்படியானால் அந்தக் கோட்டு... அன்றைக்குத்தானே சொன்னேன். அவள் பின்னால் நின்று அளவெடுத்துக்கொண்டே, முகம் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லாமல், "அன்னிக்கு நான் சொன்னதை மனசுல வச்சுக்காதடி, அப்பா போனதுக்கு நீ காரணம் இல்ல, நான் வயித்தெரிச்சல்ல பேசிட்டேன்" என்று. எந்த உடம்பானாலும் நான் இடது தோளிலிருந்துதான் ஆரம்பிப்பேன், முப்பது வருஷப் பழக்கம், டேப்பை அங்கே அழுத்திப் பிடித்துக்கொண்டு, அந்தக் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, அதுவும் மெதுவாக. கையைக் கீழே போட்டாள், பையை எடுத்தாள், போய்விட்டாள். கல் நெஞ்சு என்று அன்றைக்கு அழுதேன், அதற்கப்புறம் நானும் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். பாழும் காதில் போய்ச் சொல்லியிருக்கிறேன், ஒரு சொல்கூட உள்ளே போகவில்லை.

மன்னிப்புப் போகவில்லை, சரி, அந்தச் சொல் போனதா? ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் நிச்சயமான கல்யாணத்தை அவள் வேண்டாம் என்றாள், இரண்டாவது மாதம் அவள் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார், காரியமெல்லாம் முடிந்த ஒரு மத்தியானம், சமையலறையில் அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள், நான்தான் சொன்னேன், "அந்த மனுஷனை முழுங்கினது நீதான்." பெற்ற வாயால் சொன்னேன். எங்கே நின்று சொன்னேன்? அடுப்பு அவளுக்கு வலது பக்கம், அங்கே நின்றிருந்தால் கேட்டிருக்கும். ஆனால் டம்ளர் வைக்கிற அலமாரி இடது பக்கம், டம்ளர் எடுக்கப் போனேனா? கையில் டம்ளர் இருந்ததா? குழாய் திறந்திருந்தது, அது நன்றாக ஞாபகம் இருக்கிறது, தண்ணீர் தட்டில் விழுந்து சத்தம் போட்டது, நான் சொல்லி முடித்ததும் அவள் குழாயை மூடினாள். கேட்டதால் மூடினாளா? பாத்திரம் முடிந்ததால் மூடினாளா? தொட்டியில் இன்னும் பாத்திரம் இருந்ததா? நாலு பாத்திரத்தை நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை, உள்ளே மறுபடி ஐந்து வெடி.

கதவு திறந்தது, மேற்பார்வையாளர் சொல்லி அனுப்பியிருப்பார், வெளியே வந்தாள், உடம்பெல்லாம் புகை நெடி, என்னைப் பார்த்ததும் வெளுத்துப் போனாள். "ஏம்மா வந்தே? நான் வராதேன்னு சொன்னேன்ல?" வழிகாட்டிகூடத் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினாள், வீட்டில் இப்படிக் கத்தும்போதெல்லாம் நான் எரிந்து விழுந்திருக்கிறேன், தன் சத்தம் எவ்வளவு என்று அவளுக்கே தெரியாது என்பது எனக்கெங்கே தெரியும்? "உன்னைப் பார்க்கத்தான்டி" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதே திருப்பல், இரண்டு வருஷமாக என்னை அறுத்த அதே திருப்பல், முகம் இடது பக்கம் போயிற்று, கண் எங்கோ சுவரைப் பார்த்தது, வலது காது என் வாய்க்கு நேரே வந்து நின்றது. காது மூடி அழுத்திய சிவப்புத் தடம் சுற்றிலும். இதுவா? இத்தனை நாளாக இதுவா? "சத்தமாச் சொல்லும்மா" என்றாள், முதல் தடவையாக என்னிடம். கிட்டே போனேன், அந்தச் சிவப்புத் தடத்தைத் தொட்டேன், மன்னிச்சுக்கோ என்கிற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது... எதுக்கு என்று கேட்பாளே. கேட்டால், அவள் காதில் ஒருவேளை விழவே இல்லாத அந்தச் சொல்லை நானே மறுபடி, இந்த நல்ல காதில், சத்தமாகச் சொல்லியாக வேண்டுமே. அவள் காதைக் காட்டிக்கொண்டு நின்றுகொண்டே இருந்தாள். "என்னம்மா?" என்றாள். நான் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டிருந்தேன்.