முதல் டேங்க்

மீனம்பாளிடமிருந்து மூன்றாவது தடவை ஃபோன் வந்தபோதும் வீராசாமி எடுக்கவில்லை.

"எடுத்துத்தான் தொலையேன். மருந்தடிக்கக் கூப்புடுறாங்களோ இன்னாவோ," என்றாள் மஞ்சு, அவன் மனைவி.

"அதுக்கு இல்ல."

"எடுக்காமயே தெரிஞ்சுடுச்சா?"

தெரியும். நேற்று மாலையே தெரிந்துவிட்டது. மீனம்பாளின் கத்திரிக்கொல்லையைத் தாண்டும்போது வண்டியை நிறுத்தவில்லை, வேகத்தை மட்டும் குறைத்துப் பார்த்தான். வடகிழக்கே, சனிமூலையில் செடிகளின் கொழுந்து சுருண்டு, இலை நாடா மாதிரிக் குறுகி, தண்டு கழுத்து திருகிக் கிடந்தது. வெள்ளை ஈ அப்படிச் செய்யாது. தண்ணீர் இல்லாமல் வாடினாலும் அப்படி ஆகாது. களைக்கொல்லி பட்ட செடிதான் அப்படி முறுக்கிக்கொள்ளும். பத்து வருஷமாக முதுகில் டேங்க் மாட்டி ஊர் ஊராக மருந்தடிப்பவனுக்கு அதைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டியதில்லை.

போன வாரம் திங்கட்கிழமை மேல்சித்தாமூர் பக்கம் ஒரு கரும்புக்குக் களை மருந்து அடித்தான். அடித்து முடித்தால் சோப்புத்தூள் போட்டு மூன்று தடவை டேங்கைக் கழுவுவது அவன் வழக்கம். அன்றைக்குக் கழுவப்போன நேரத்தில் கரண்ட் நின்று மோட்டார் ஓயவே, வாய்க்காலில் தேங்கியதை ஒரு குடம் மொண்டு ஊற்றிக் குலுக்கிக் கொட்டிவிட்டு வந்துவிட்டான். மாசி தொடங்கியிருந்தது. எல்லாக் கொல்லையிலும் ஒரே சமயத்தில் பூச்சி. ஏழு பேர் அவனுக்காகக் காத்திருந்தார்கள். மறுநாள் விடிந்ததும் அதே டேங்கில் மீனம்பாளின் பூச்சி மருந்தைக் கலந்தான். முதல் டேங்க் அடிக்கும்போதே முகத்தில் கட்டிய துண்டுக்குள் அந்தக் காட்டமான வாடை ஏறியது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

ஊற்றி வைத்த டீயைக் குடிக்காமல் வண்டியை எடுத்தான்.

மீனம்பாள் வரப்பில் நின்றிருந்தாள். ஐம்பத்தைந்து வயது. நெல்லை விட்டுவிட்டு இந்த வருஷம்தான் கத்திரிக்கு வந்தவள். பிடுங்கிய நாலைந்து செடிகளை உரச்சாக்கில் திணித்து வைத்திருந்தாள்.

"ஃபோன எடுக்க மாட்டியா? சாவு சேதி சொல்லக் கூப்புட்டேன்னு நெனச்சிக்கினியா?"

"வண்டில வந்துனு இருந்தேன்க்கா."

"பாரு. நல்லா பாரு. அந்த மருந்துக்கடைப் பொண்ணு போலி மருந்த என் தலையில கட்டிட்டா. வண்டிய எடு, செஞ்சிக்குப் போலாம். நீ வந்து சொல்லு, நீதான கலந்த."

வழியெல்லாம் அவள்தான் பேசினாள். பூ வைக்கிற நேரத்தில் இப்படி ஆகிவிட்டதே என்றாள். படித்த பெண் என்று நம்பினேனே என்றாள். "இன்னாடா, வாய்ல கொழுக்கட்டையா?" என்று முதுகில் தட்டினாள். கோட்டை மலைப் பாறைகளில் வெயில் ஏறியிருந்தது. வீராசாமியின் கை ஆக்ஸிலேட்டரை முறுக்குவதும் விடுவதுமாக இருந்தது. வண்டி போனால் சீக்கிரம் செஞ்சி வந்துவிடும். நின்றால் இவளிடம் சொல்லியாக வேண்டும்.

பர்வின் விவசாயம் படித்தவள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் மருந்துக்கடை போட்டு எட்டு மாதம் ஆகிறது. கையில் பூச்சி அரித்த இலையும் கவருமாக நாலு பேர் நின்றிருந்தார்கள். மீனம்பாள் அவர்களை விலக்கிக்கொண்டு போய்ச் சாக்கை மேஜைமேல் கவிழ்த்தாள்.

"இன்னாம்மா இது, நீ குடுத்த மருந்து?"

பர்வின் ஒரு கொழுந்தைக் கிள்ளித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நான் குடுத்த மருந்துல இப்படி ஆவாதும்மா. அதே பெட்டில பன்னெண்டு பேர் வாங்கிக்கினு போனாங்க. ஒருத்தரும் திரும்பி வரல."

"நான் வந்துட்டேனே. பதிமூணாவது ஆளு பொய் சொல்றாளா?"

யாரோ சிரித்தார்கள். பர்வின் சிரிக்கவில்லை.

"கொல்லை முழுக்க இப்படியா?"

"சனிமூலையில எட்டுப் பாரு, எட்டு வரிசையும் மோசம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கொறயுது. மேக்காலப் பக்கம் நல்லாதான் இருக்குது."

மழை இறங்குகிற மூலை என்று இந்தப் பக்கத்தில் எவனும் சனிமூலையில்தான் முதல் டேங்கைத் தொடங்குவான். அதுவும், டேங்கில் தங்கிய பழைய மருந்து முதலில் அங்கேதான் இறங்கும் என்பதும் அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த கலியபெருமாள் மெல்லத் திரும்பி வீராசாமியைப் பார்த்தார். நாளைக்கு அவருடைய உளுந்துக்கு அவன்தான் அடிக்க வேண்டும்.

"அண்ணா, நீங்கதான் அடிச்சீங்களா?" என்றாள் பர்வின்.

மீனம்பாள் பாய்ந்தாள். "அவன் மேல போடாத! பத்து வருஷமா எங்கொல்லையில அவன்தான் அடிக்கிறான். ஒரு எலை கருகுனது இல்ல. மருந்து உன்னுது. வேளாண்மை ஆபீஸ் பக்கத்துலதான இருக்குது? மனு குடுத்தா இன்னிக்கே உன் கடைக்குப் பூட்டு. வா வீராசாமி, சாட்சிக் கையெழுத்து நீ போடு."

சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். வீராசாமி நகரவில்லை.

கையெழுத்துப் போட்டால் முடிந்தது. டேங்கை இப்போது மூன்று தடவை கழுவியாகிவிட்டது. யார் வந்து மோந்து பார்த்தாலும் ஒன்றும் இருக்காது. சொன்னால் மாசி, பங்குனி இரண்டு மாதமும் போச்சு. அந்த இரண்டு மாதம்தான் அவனுக்கு வருஷம். அப்புறம் செங்கல் சூளைக்குத்தான் போக வேண்டும். பர்வின் அந்தக் கொழுந்தை இன்னும் கீழே போடவில்லை. விரலில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அது பச்சையாக நசுங்கி நகத்தில் ஒட்டியிருந்தது.

"யக்கா," என்றான். "டேங்க்ல களை மருந்து இருந்துது."

"எந்த டேங்க்ல?" என்று படியிலேயே திரும்பினாள் மீனம்பாள்.

"என் டேங்க்லதான். மொத நாளு கரும்புக்கு அடிச்சது."

"கழுவலியா?"

"ஒரு கொடம் ஊத்தி அலசுனேன். கரண்டு நின்னுபோச்சி."

"நின்னா?"

"வர்ற வரிக்கும் காத்துனு இருந்திருக்கணும்." மேஜைமேல் கிடந்த செடிகளைப் பார்த்தான். "அடிக்கும்போதே வாடை வந்துதுக்கா. வந்தும் அடிச்சேன்."

கலியபெருமாள் எழுந்து துண்டை உதறினார். "நாளைக்கு நீ வர வேணாம்பா. நான் பாத்துக்கறேன்."

மீனம்பாள் மறுபடி படியேறி வந்தாள். அவனைத் திட்டவில்லை. செடிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்கில் போட்டாள்.

"பொழைக்குமா?" என்று பர்வினைக் கேட்டாள்.

"அந்த எட்டுப் பாரு பொழைக்காதும்மா. புடுங்கிடுங்க. அதுக்கப்புறம் புதுக் கொழுந்து நேரா வர்ற செடிய மட்டும் விட்டு வைங்க."

"உன் கடைக்குப் பூட்டுன்னு சொன்னேன்."

"சொன்னீங்க."

"ம்," என்றாள் மீனம்பாள்.

வண்டியில் ஏற மாட்டேன் என்று பஸ்ஸில் போனாள். அவன் பஸ்ஸுக்குப் பின்னாலேயே புகையைக் குடித்துக்கொண்டு போனான். அவள் கூப்பிடவில்லை. ஆனாலும் கொல்லைக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, சனிமூலையில் இறங்கிப் பிடுங்க ஆரம்பித்தான். அவள் வரப்பில் நின்று பார்த்தாள்.

எட்டுப் பார் முடிய வெயில் சாய்ந்தது. உள்ளங்கை முள் குத்தி எரிந்தது. ஒன்பதாவது பாரில் இறங்கியபோது அவளும் இறங்கினாள்.

"இது?" என்றாள்.

"கொழுந்து நேரா இருக்குதுக்கா. வந்துடும்."

"உன்னக் கேக்கல."

குனிந்து இலையை விரித்துப் பார்த்தாள். "விடு."

அடுத்தது. "புடுங்கு." அதற்கடுத்தது. "விடு." அதற்கும் அடுத்ததில் ஒரு பக்கக் கிளை முறுக்கியிருந்தது, இன்னொன்றில் பூ இருந்தது. வீராசாமி தண்டின் அடியைப் பிடித்தபடி அவள் வாயைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தான். அவள் முறுக்கிய கிளையை ஒரு கையிலும் பூவை இன்னொரு கையிலும் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.