மணியில் இருந்த பொன்

"மணியில தங்கம் இருக்கு" என்று ரத்தினம் சொல்லி வாய் மூடவில்லை, அய்யாக்குட்டியின் தாடையில் முதல் அடி விழுந்தது.

தென்காசியில் தெருக்கோயிலுக்குப் புதுமணி வார்த்துக் கொடுத்தவர் அய்யாக்குட்டி. வார்ப்புக்கு முந்தின வாரம் கோயிலின் ஐம்பொன் அம்மன் களவு போயிருந்தாள். அவளை உருக்கித்தான் மணி செய்துவிட்டார் என்று ஊரே பேசியது. பம்பாய் அணு உலையில் வேலை பார்க்கும் ரத்தினம் சும்மா இருந்திருக்கலாம். இருந்தால்தானே! மணியில் அரம் போட்டு எடுத்த தூளைக் கொண்டுபோய் அதில் நியூட்ரான் பாய்ச்சினார். பாய்ச்சினால் உலோகம் ஒவ்வொன்றும் தனக்கே உரிய கதிரை வீசித் தன்னைக் காட்டிக்கொடுக்கும். பொட்டுத் தங்கமானாலும் ஒளிய முடியாது. செம்பும் வெள்ளீயமும் மட்டுமே இருக்க வேண்டிய மணியில் தங்கம் தெரிந்தது. அதைக் கோயிலில் கூடிய ஊர்ச்சபையில் சொல்லிப் பெருமைப்படத்தான் லீவு போட்டு வந்திருந்தார்.

"ஏலே, அம்மனையா உருக்குன?" தர்மகர்த்தா நல்லகண்ணு கடப்பாரையை ஓங்கினார். மணி வார்த்த வலக்கை மளுக்கென்று முறிந்தது. குற்றாலத்துச் சாரலில் நனைந்த கல்தரையில் ரத்தம் பரவியது.

"அண்ணாச்சி, போதும்! போலீஸ்ல ஒப்படைங்க!" என்று ரத்தினம் கத்தினார். யார் கேட்டார்கள்? மூட்டிவிட்டவர் அவர்தானே. அய்யாக்குட்டியின் வயிற்றிலும் முகத்திலும் மாறி மாறி மிதித்தார்கள். அவர் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. பெண்கள் நின்ற பக்கமே பார்த்துக்கொண்டு கிடந்தார். கடப்பாரை மறுபடி இறங்கியது, இந்த முறை தலையில்.

"நிறுத்துங்க!" ரத்தினத்தின் மனைவி உலகம்மை கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்து அய்யாக்குட்டிமேல் விழுந்தாள். "அம்மன் பொன்னு இல்ல, எங்க பொன்னு! மணி வார்க்கையில பொம்பளைக எல்லாரும் குலவை போட்டு, ஆளுக்கொரு மூக்குத்தியைக் கொதிக்கிற செம்புல போட்டோம். வெளிய சொன்னா நேர்ச்சை பலிக்காதுல்லா? சொல்ல மாட்டேன்னு இவரும் வாக்குக் குடுத்தாரு."

ரத்தினம் அவள் தோளைப் பற்றினார். "நீயுமா போட்ட? எதுக்கு?"

"உங்களுக்காகத்தான். அந்த அணு அடுப்பு உங்களை ஒண்ணும் செஞ்சிரப்பிடாதுன்னு."

அய்யாக்குட்டி கிழிந்த உதட்டை அசைத்தார். ரத்தினம் மண்டியிட்டுக் காதைக் கொடுத்தார்.

"சொல்லிட்டியே தாயி" என்றார் அவர் உலகம்மையிடம். "இனி உன் புருசனை அந்த வேலைக்கு அனுப்பாத."

அதற்குமேல் அவருக்கு மூச்சு வரவில்லை. ரத்தினம் அந்தத் தலையை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அலறினார்.